சொல்லாமல் விட்ட மூன்று மாதம்

மலையாண்டி வெறுங்கையோடு மேடை ஏறுவதில்லை. ஜீப்பின் பின்பக்கத்தில் ஒரு செம்புறாங்கல்லும் கூடவே வரும். ஒக்கூருக்குக் கிழக்கே இருக்கிற கல்குழியில் அவனே வெட்டி, அவனே சதுரம் பார்த்துச் செதுக்கிய கல். இரண்டு பேர் சேர்ந்து மேடையோரத்தில் இறக்கி வைப்பார்கள். பேச்சு பாதி ஆனதும் மைக்கை விட்டுத் தள்ளி நின்று வேட்டியை மடித்துக் கட்டுவான். குனிவான். ஒரு மூச்சில் கல் நெஞ்சுக்கு வரும். அடுத்த மூச்சில் தலைக்கு மேலே போகும்.

"ஆபரேஷன் பண்ணிக்கிட்டவன் தூக்குற கல்லு இது. பண்ணிக்கிடாதவுக யாராச்சும் வந்து தூக்குங்க, பாப்போம்" என்பான்.

விசில் பறக்கும். பெண்கள் பக்கத்திலிருந்துகூடச் சிரிப்பு வரும்.

குடும்பக் கட்டுப்பாட்டுக்கு அரசாங்கம் ஊர் ஊராக ஆள் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. எந்தச் சுவரைப் பார்த்தாலும் சிவப்பு முக்கோணம். அந்த வேலைக்கென்று ஒன்றியத்துக்கு வந்த அதிகாரி அழகுசுந்தரம், படம் போட்ட அட்டைகளைத் தூக்கிக்கொண்டு எல்லா ஊரிலும் பேசிப் பார்த்தார். சனம் கடலையைத் தின்றது, தோலை ஊதியது, எழுந்து போனது. ஆபரேஷன் பண்ணினால் கல் தூக்க முடியாது, ஏர் பிடிக்க முடியாது, மற்றதும் முடியாது என்பதுதான் எல்லா ஊர்ப் பேச்சும். மூன்று பிள்ளை போதும் என்று தானாக வந்து படுத்த ஒன்றிரண்டு பேரில் மலையாண்டி ஒருவன். டீக்கடையில் கேலி பண்ணியவர்களுக்கு அவன் கொடுத்த பதிலைக் கேட்டுவிட்டு மறுநாள் நாலு பேர் அழகுசுந்தரத்திடம் வந்து நின்றார்கள். அன்றைக்கே அவர் அட்டைகளைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டார்.

"நான் பேசுறது புஸ்தகம். நீங்க உங்க கதையச் சொல்லுங்க மலையாண்டி. அதான் ஏறுது" என்றார்.

அவன் சொன்ன கதையில் பொய் கிடையாது. "எங்க ஆத்தா பதினோரு தடவை பெத்தா. நாலு நிலைச்சுச்சு. பதினோராவதுல அவளும் போயிட்டா. பாடையத் தூக்குனேன். கனமே இல்ல. நான் தெனம் தூக்குற கல்லுல பாதி கனம் இல்ல எங்க ஆத்தா." இதைச் சொல்லிவிட்டுத்தான் கல்லிடம் போவான். அவன் குனிவதற்குள் பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் வைத்திருப்பார்கள். ஒரே வருஷத்தில் இருபத்தெட்டு மேடை. பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்கு ஒதுங்கியதோடு சரி என்கிற ஆளை, 'அன்பர் மலையாண்டி அவர்கள்' என்று மைக்கில் கூப்பிட்டார்கள். குழியில் மேஸ்திரி அவனை 'ஏலே' என்றுதான் கூப்பிடுவார். 'அவர்கள்' என்ற சொல் காதில் விழும்போதெல்லாம் அவன் முதுகு தானாக நிமிரும்.

ஒன்றை மட்டும் எந்த மேடையிலும் அவன் சொன்னதில்லை.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போதே அழகுசுந்தரம் சொல்லியிருந்தார். "இன்னைக்குப் பண்ணுனா இன்னைக்கே பலிக்காது. உள்ள இருக்கிறது தீர மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் உறை போட்டுக்கங்க, இல்லையா, தள்ளிப் படுங்க." ஒரு பொட்டலமும் கொடுத்தார். மலையாண்டி அதைக் கூரை எரவாணத்தில் சொருகினான். பத்து நாளில் அவன் பிள்ளைகள் அதை எடுத்து ஊதி, நூல் கட்டி, தெருவில் பறக்கவிட்டுக்கொண்டு ஓடினார்கள். தெருவே சிரித்தது. அதற்கப்புறம் இன்னொரு பொட்டலம் கேட்டு வாங்க அவனுக்கு முகம் இல்லை. தள்ளிப் படுக்கவும் இல்லை.

இரண்டாம் மாதம் பொன்னுத்தாயி, குளிக்காமல் நாள் தள்ளிப் போயிருப்பதை அவனிடம் சொன்னாள். உலைக்கு அரிசி களைந்துகொண்டே சொன்னாள். பயத்தோடு சொல்லவில்லை. எப்போதும் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

அவன் கேட்டான்: "யாருது?"

அவள் கை அரிசிக்குள்ளேயே நின்றுவிட்டது. மறுநாள் ஆத்தங்குடிப் பக்கம் ஒரு மருத்துவச்சியிடம் தனியாகப் போய் மருந்து குடித்துவிட்டு வந்தாள். வந்து பதினோரு நாள் படுத்தாள். சேலைகளை அவளே விடியுமுன் போய் அலசினாள். காய்ச்சல் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டார்கள். அடுத்த கூட்டத்துக்குக் கூட்டிப்போக ஜீப்பில் வந்த அழகுசுந்தரத்திடம், வேறு யாருக்கோ என்கிற மாதிரி மலையாண்டி கேட்டுப் பார்த்தான்.

"அதான் மூணு மாசம்னு சொன்னேனே. அந்தப் பொம்பளை மேல என்னங்க தப்பு? இத நீங்க மேடையில சொல்லணும். நான் சொன்னா ஆபீஸ் பேச்சுன்னு விட்டுருவாக" என்றார் அவர்.

"சொல்லிருவோம் சார்."

அன்றைக்கு மேடை ஏறினான். முதல் வரிசையில் அவன் மாமியார் உட்கார்ந்திருந்தாள். அடுத்த ஊர் மேடைக்கு முன்னால் வேறு யாரோ ஒருவனுடைய மாமியார் உட்கார்ந்திருந்தாள். உறை என்கிற சொல்லை மைக்கில் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. சொன்னால் உனக்கு எப்படித் தெரியும் என்று ஒருவன் கேட்பான். கேட்டால் பொன்னுத்தாயி வரைக்கும் போகும். அந்த இடம் வரும்போதெல்லாம் மலையாண்டி கல்லைத் தூக்கினான்.

"பண்ணுன அன்னையோட கவலை விட்டுச்சு" என்று பேச்சை முடிப்பான். கைதட்டலுக்கு அந்த வரி நன்றாக வாய்த்திருந்தது.

*

மறு வருஷம் ஆனி மாதம். கல்குழியில் கூட வேலை பார்க்கிற வீரப்பன் நாலு நாளாக வேலைக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் மேஸ்திரி சொன்னார்: "பொண்டாட்டியக் கொண்டுபோய் அப்பன் வீட்டுல தள்ளிட்டு வந்துட்டானாம்ல. அவ வயித்துல இருக்காளாம். இவன் தையில ஆபரேஷன் பண்ணுனவன்."

மலையாண்டியின் கடப்பாரை கல்லில் படாமல் மண்ணில் இறங்கியது.

வீரப்பனை ஆபரேஷனுக்கு அனுப்பியதே மலையாண்டியின் பேச்சுதான். ஒக்கூர்க் கூட்டத்தில் பாடை கனமில்லாமல் இருந்த கதையைக் கேட்டு வீரப்பன் அழுதான். மறு வாரம் போய்ப் படுத்துவிட்டான். அவனுக்கு இரண்டு பிள்ளை. பெண்டாட்டி மீனாள் நேமத்தான்பட்டிக்காரி, சிரித்த முகம். குழிக்குக் கஞ்சி கொண்டு வருகிற அன்றைக்கெல்லாம் மலையாண்டிக்கும் ஒரு சுண்டவத்தல் சேர்த்துக் கொண்டுவருவாள்.

சாயங்காலம் மீனாளின் அப்பன் சின்னக்கருப்பு வீடு தேடி வந்தான். வாசலிலேயே நின்றான், உட்காரவில்லை.

"ஞாயித்துக்கெழம எங்க ஊருல கூட்டம் போட்டிருக்காக. அந்தப் பய துரும்பு கிள்ளணும்னு நிக்கிறான். உங்களைய வரச் சொன்னாக."

துரும்பைக் கிள்ளிப் பெண்டாட்டி கையில் ஊர் பார்க்கக் கொடுத்துவிட்டால் அவர்கள் சாதியில் கல்யாணம் தீர்ந்தது. அதற்கப்புறம் அவன் யாரோ, அவள் யாரோ.

"என்னைய யாரு வரச் சொன்னா?" என்றான் மலையாண்டி.

"அவன்தான். உங்களத்தான் சாச்சியாக் கேட்டிருக்கான். மைக்குலயே சொன்னாரு, பண்ணுன அன்னையோட சரின்னு, அவரு வந்து சொல்லட்டும்ங்கிறான்." சின்னக்கருப்பு துண்டால் வாயைத் துடைத்தான். "எம் மக அப்படியாப்பட்டவ இல்ல மலையாண்டி. ஆனா நீங்க சொன்னது சொன்னதுதானே. நான் என்னத்தச் சொல்லட்டும்?"

அவன் போன பிறகு மலையாண்டி அடுப்படிக்கு வந்தான். பொன்னுத்தாயி எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தாள். அந்த வீட்டில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் பேசினால் இந்தப் பக்கம் கேட்காமல் இருக்காது.

"அழகுசுந்தரம் சாரு வந்து சொன்னாச் சரியாப் போகும்" என்றான்.

"அவுகதான் மாத்தலாகிப் போயிட்டாகளே."

"நான் போயி மூணு மாசக் கணக்கச் சொல்லிருறேன். டாக்டருமாரு சொன்னாகன்னு சொல்றேன்."

"நம்புவாகளா?"

அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"நம்ம கதையச் சொன்னா எனக்கும் அந்தப் பேரு வரும்" என்றாள். "இவளுக்கும் அப்படித்தானாம், மருந்து குடிச்சாளாம்னு சொல்வாளுக. குழாயடியில நாந்தான நிக்கணும்? நீங்க குழிக்குள்ள போயிருவீக."

"அப்பச் சொல்லல. விடு."

அவள் விறகை உள்ளே தள்ளினாள். புகை வந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு சொன்னாள்:

"அந்தப் பிள்ளை வயித்தோட நிக்கிது. சொல்றதுனா முழுசாச் சொல்லுங்க. நான் மருந்து குடிச்சத மட்டும் சொல்லிட்டு இறங்கிறாதீக. நீங்க என்னையக் கேட்டீகள்ல, அதையும் சேத்துச் சொல்லுங்க."

*

ஞாயிற்றுக்கிழமை காலையில் நேமத்தான்பட்டி அய்யனார் கோயில் பொட்டலில் கூட்டம். மைக் கிடையாது. மேடை கிடையாது. கல் கிடையாது. வெறுங்கையை எங்கே வைப்பதென்று மலையாண்டிக்குத் தெரியவில்லை. துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினான்.

அம்பலம் ஆண்டியப்பன் நடுவில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். அந்த ஊர் வழக்கெல்லாம் அவர்தான் தீர்ப்பார். ஒரு பக்கம் வீரப்பன், சவரம் பண்ணாத முகம். விரல் இடுக்கில் ஒரு வைக்கோல் துரும்பு தயாராக இருந்தது. அதை உருட்டிக்கொண்டே இருந்தான். எதிர்ப்பக்கம் மீனாள், தலையைக் கவிழ்த்து, முந்தானையை வயிற்றுக்கு மேலே இழுத்து மூடிக்கொண்டு. பெண்களின் கூட்டத்தில், கடைசியில், பொன்னுத்தாயி. வருவேன் என்று அவள் சொல்லவில்லை. அவனுக்குப் பின்னால் தனியாக நடந்து வந்திருக்கிறாள்.

"மலையாண்டி, நீ ஊரு ஊராப் பேசுன ஆளு. சுருக்காச் சொல்லு. ஆபரேஷன் பண்ணுனா பிள்ளை நிக்குமா, நிக்காதா?" என்றார் அம்பலம்.

"மூணு மாசம் வரைக்கும் நிக்கும் அம்பலம். உள்ள இருக்கிறது தீர மூணு மாசமாகும். டாக்டருமாரு சொன்னது. இந்தப் பிள்ளை மாசியில உண்டானது. பண்ணி ஒரு மாசம்கூட ஆகல."

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. வீரப்பன் நிமிர்ந்தான்.

"அண்ணே, ஒக்கூருல என்ன சொன்னீக?"

"அது வந்து..."

"பண்ணுன அன்னையோட கவலை விட்டுச்சுன்னு சொன்னீகளா, இல்லையா? நான் மூணாவது வரிசையில உக்காந்திருந்தேன். மூணு மாசம்னு ஒரு வார்த்தை சொன்னீகளா?"

"சொல்லல."

"ஆஸ்பத்திரியில?"

"அங்க ஒரே கூட்டம். ஒரு சீட்டு குடுத்திருப்பாக. அதுல இருந்திருக்கும்."

"எனக்கு எழுத்துத் தெரியுமாண்ணே?"

யாரோ சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒருவன், "இருபத்தெட்டு மேடையில வராத ஞாவகம் இன்னைக்கு எப்படி வந்துச்சாம்?" என்றான். இன்னொருவன், "சின்னக்கருப்பு கோழி அடிச்சுப் போட்டிருப்பான்" என்றான். அதற்கும் சிரித்தார்கள். "டாக்டரக் கேளுங்க, சொல்லுவாக" என்றான் மலையாண்டி. "அவுக பண்ணுன வேலையில ஓட்டைன்னு அவுகளே சொல்லுவாகளாக்கும்" என்று பதில் வந்தது.

அம்பலம் கையை உயர்த்தினார். "மேடையில ஒண்ணு, இங்க ஒண்ணு பேசுனா எதப்பா நம்புறது? வீரப்பா, ஒன் முடிவு என்ன?"

வீரப்பன் எழுந்தான். துரும்பின் நுனியை நகத்தில் பிடித்தான். மீனாள் தலை தூக்கவில்லை. அவள் தோள் மட்டும் அடி விழப்போகிற மாட்டுக்குச் சுருங்குகிற மாதிரி சுருங்கியது. அன்றைக்கு அரிசிப் பானைமேல் பொன்னுத்தாயியின் தோளும் அப்படித்தான் சுருங்கியது. அதை மலையாண்டி அன்றைக்குப் பார்த்தான், பார்க்காத மாதிரி இருந்துவிட்டான்.

"எம் பொண்டாட்டிக்கும் நின்னுச்சு" என்றான்.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் கூட்டம் அடங்கிவிட்டது.

"நான் பண்ணி ரெண்டாம் மாசம். உறை குடுத்தாக. எம் பிள்ளைக எடுத்து ஊதி விளையாண்டுச்சுக. கேலியா இருந்துச்சேன்னு மறுபடி வாங்கல. தள்ளிப் படுக்கவும் இல்ல. அது எந் தப்பு." அவன் துண்டைக் கக்கத்திலிருந்து எடுத்துக் கையில் சுருட்டினான். "நாள் தள்ளிப் போச்சுன்னு எங்கிட்டச் சொன்னா. அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தா. நான்..."

நின்றான். மேடையில் இப்படி நின்றால் குனிந்து கல்லைத் தூக்கிவிடலாம். இங்கே மண்தான் இருந்தது.

"நான் யாருதுன்னு கேட்டேன்."

பெண்கள் பக்கத்தில் யாரோ 'ஸ்' என்றார்கள்.

"பதினாலு வருஷம் எனக்குக் கஞ்சி ஊத்துனவ. அவளப் பாத்து யாருதுன்னு கேட்டேன். அவ ஒண்ணும் சொல்லல. போயி மருந்து குடிச்சுட்டா. பதினோரு நாளு கெடந்தா, சாகப் பாத்தா. அப்பறந்தான் அதிகாரிகிட்டக் கேட்டேன். இது எல்லாருக்கும் உள்ளதுதான், அந்தப் பொம்பளை மேல தப்பில்லைன்னாரு. மேடையில சொல்லுன்னாரு. சொல்றேன்னேன். சொல்லல. சொன்னா எங் கதை வெளிய வந்துரும். மைக்கு முன்னால எனக்கு மரியாதை கெட்டுரும். அதுக்காக மறைச்சேன். எத்தனை வீட்டுல எவன் எவளக் கேட்டானோ எனக்குத் தெரியாது."

வீரப்பன் பக்கம் திரும்பினான். முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவன் கையில் இருந்த துரும்பைப் பார்த்தே பேசினான்.

"எம் பேச்சக் கேட்டுத்தான வந்து படுத்த. எம் பேச்ச வச்சுத்தான அவளத் தள்ளுற. முழுசாச் சொல்லாத பேச்சுப்பா அது. கிள்ளுறதுனா எனக்குக் கிள்ளிக் குடு. அவளுக்குக் குடுக்காத."

யாரும் கை தட்டவில்லை. ஒரு கிழவர் தொண்டையைச் செருமிவிட்டு நிறுத்திக்கொண்டார். கோழி அடித்த கதை சொன்னவன் தரையில் கோடு கிழித்துக்கொண்டிருந்தான்.

அம்பலம், "பொன்னுத்தாயி வந்திருக்கா?" என்று கேட்டார்.

பொன்னுத்தாயி எழுந்தாள். நூறு பேரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை இனி எத்தனை வருஷத்துக்கு என்று மலையாண்டிக்குத் தெரியும்.

"அவுக சொல்றது நெசமா ஆத்தா?"

"நெசந்தான்" என்றாள். வேறு ஒரு சொல் சேர்க்கவில்லை. கூட்டத்தின் குறுக்கே நடந்து போய் மீனாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மீனாள் அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். அதுவரைக்கும் அவள் அழவே இல்லை என்பதை ஊர் அப்போதுதான் கவனித்தது.

வீரப்பன் உட்கார்ந்துவிட்டான். துரும்பு கையிலேயே இருந்தது. கிள்ளவும் இல்லை, கீழே போடவும் இல்லை.

"மூணு மாசக் கணக்குச் சரியாத்தான் இருக்கு. பிள்ளை பெறக்கட்டும். அதுவரைக்கும் கிள்ளப்பிடாது" என்றார் அம்பலம். கொஞ்சம் கழித்து, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போடா" என்று வேறு குரலில் சொன்னார்.

வீரப்பன் போய் மீனாள் முன்னால் நின்றான். அவள் எழவில்லை. பொன்னுத்தாயியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கு எங்க அப்பன் வீட்டுலதான் இருப்பேன்" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். அவன் தலையை ஆட்டினான். வேலியோரம் போய் நின்றுகொண்டான். போகவும் இல்லை.

*

திரும்பி வருகிற வண்டிப்பாதையில் பொன்னுத்தாயி முன்னால் போனாள். மலையாண்டி முப்பது அடி பின்னால். எட்டிப் பிடிக்க அவனுக்குத் தைரியம் இல்லை.

புளியமரத்துப் பக்கம் ஒருவன் ஓடிவந்து சேர்ந்துகொண்டான். முகம் தெரிந்த ஆள், பெயர் தெரியவில்லை. அங்குட்டும் இங்குட்டும் பார்த்துவிட்டு, "அண்ணே, மூணு மாசம்ங்கிறது பண்ணுன தேதியிலருந்தா, தையல் பிரிச்சதுலருந்தா?" என்று கேட்டான்.

"பண்ணுன தேதியிலருந்து."

அவன் விரல் விட்டு எண்ணினான். எண்ணி முடித்ததும் முகம் செத்துவிட்டது. "நானும் கேட்டுட்டேண்ணே" என்றான். "வைகாசியில. இன்னும் அவ எங்கூடப் பேசல." மலையாண்டி என்னவாவது சொல்வான் என்று கொஞ்ச தூரம் கூடவே நடந்தான். அப்புறம் குறுக்குப் பாதையில் பிரிந்து வேகமாக நடந்து போனான், வீட்டுப் பக்கமாக.

கண்மாய்க் கரை ஏறுகிற இடத்தில் பொன்னுத்தாயி நின்றிருந்தாள். அவன் பக்கத்தில் வரும்வரை நின்றாள்.

"முழுசாச் சொன்னீக" என்றாள்.

"ம்."

"கேட்டது தப்புன்னு அத்தனை பேருக்கு முன்னாடி சொன்னீக."

"ஆமா."

"எங்கிட்ட ஒரு தடவைகூடச் சொல்லலையே."

மைக் இல்லாமலே இருநூறு பேருக்குக் கேட்கிற தொண்டை அவனுக்கு. வாயைத் திறந்தான். வெறும் காற்றுதான் வந்தது. துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு கண்மாய்க் கரையிலேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டான்.

அவள் போகவில்லை. பக்கத்தில் உட்காரவும் இல்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவன் சொல்லட்டும் என்று நின்றுகொண்டிருந்தாள்.